மக்கள் பெயரால் எடுத்த மாளிகை

பழைய பத்திரிகைக் கட்டடங்களைப் போற்றி எழுதும் கட்டுரைகள் அண்மைக் காலத்தில் நிறையக் கண்ணிற்படுகின்றன. ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம், கட்டடத்தின் முகப்பைப் பற்றிச் சில வரிகள், அங்கே பணியாற்றிய பெருமக்களின் பெயர்ப்பட்டியல், இறுதியில் 'இதனை மரபுரிமைச் சின்னமாகப் பாதுகாக்க வேண்டும்' என்ற வேண்டுகோள். கொழும்பில் பேர வாவியின் கரையில் நிற்கும் லேக் ஹவுஸ் மாளிகையைப் பற்றியும் இவ்வகை எழுத்துக்குக் குறைவில்லை. பாதுகாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்கடுவவிலிருந்து பார்க்கும் ஒருவனுக்கு அந்த மாளிகை அவ்வளவு எளிதாக ஒரு புகைப்படமாகிவிடுவதில்லை. அதன் முகப்பைப் போற்றுகிறவர்கள் அதன் உரிமையாளர் யார் என்ற கேள்வியைக் கேட்காமலே கடந்து போகிறார்கள். 1973ஆம் ஆண்டு மக்களின் பெயரால் எடுக்கப்பட்ட அந்த நிறுவனம் இன்றுவரை மக்களிடம் கொடுக்கப்படவில்லை. இந்தக் கடன் நிலுவையில் நிற்கும்வரை அதன் சுவருக்கு வெள்ளையடிப்பதை மரபுரிமைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

முதலில் ஒரு பத்திரிகைக் கட்டடம் எதற்காக எழுகிறது என்பதைப் பார்ப்போம். அது கோயிலோ அரண்மனையோ அன்று. முகப்பு எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் உள்ளே இருப்பது தொழிற்சாலை. சுழல் அச்சு இயந்திரத்தின் பாரத்தையும் அதிர்வையும் தாங்க உறுதியான தளம் வேண்டும். ஈய எழுத்துகளைக் கோக்கும் கூடத்துக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். உலோகம் உருக்கும் இடத்துக்குக் காற்றோட்டம் வேண்டும். ஆசிரிய பீடத்திலிருந்து அச்சுக் கூடத்துக்கு ஒரு தாள் சில நிமிடங்களில் இறங்கி வர வேண்டும். அச்சான பிரதிகள் மறுபக்க வாசலால் வண்டியேற வேண்டும். கப்பலில் வரும் கடதாசி உருளைகளுக்குத் துறைமுகம் அருகில் இருக்க வேண்டும். தந்திக்கும் தபாலுக்கும் பெருந்தபாலகம் அருகில் இருக்க வேண்டும். பிரதிகள் நாடெங்கும் போவதற்குப் புகையிரத நிலையம் அருகில் இருக்க வேண்டும். லேக் ஹவுஸ் நிற்கும் இடத்தை வரைபடத்தில் பார்த்தால் இந்தக் கணக்கு விளங்கும். கோட்டைப் புகையிரத நிலையம் நடை தூரம். துறைமுகமும் பெருந்தபாலகமும் அதற்கு அப்பால். முன்னால் செல்லும் வீதி அன்று மெக்கலம் வீதி. இன்று அது நிறுவனரின் பெயரால் டி. ஆர். விஜயவர்தன மாவத்தை.

இன்னொரு சிறப்பும் உண்டு. ஆங்கிலம், சிங்களம், தமிழ் என மூன்று மொழித் தினசரிகள் ஒரே கூரையின் கீழ் தயாரான இடம் அது. தமிழுக்கு எழுத்துப் பெட்டிகள் வேறு, கைகள் வேறு. உயிர்மெய் வரிசைகளுக்கெல்லாம் தனித்தனி அச்சு அறைகள் கொண்ட பெட்டியின் முன்னால் நின்று ஒருவர் ஒரு பத்தியைக் கோத்து முடிப்பதற்குள் ஆங்கில லைனோடைப் இயந்திரம் பல பத்திகளை வார்த்துவிடும். அந்தத் தமிழ் அச்சுக்கோப்பாளர்களின் பெயரை எந்தக் கட்டடக்கலைக் கட்டுரையிலும் நான் கண்டதில்லை.

அங்கிருந்து கிளம்பிய கட்டுகள் இரவு ரயிலில் மலையேறின. 1867இல் கண்டி வரை வந்த பாதை 1880இல் மாத்தளைக்கு நீண்டது. வத்தேகமையிலும் மாத்தளையிலும் இறங்கிய கட்டுகள் பஸ் வண்டிகளில் எல்கடுவவுக்கு ஏறின. ஹுன்னஸ் நீர்வீழ்ச்சியின் பக்கத்துத் தோட்டங்களில் துரையின் பங்களாவுக்கு ஆங்கிலப் பத்திரிகை, கந்தோர் ஐயாவுக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை, தேத்தண்ணிக் கடைக்கு ஒன்று. லயத்து மனிதர்களில் பலருக்குப் பத்திரிகை கடையில் யாரோ ஒருவர் உரத்து வாசிக்கக் கேட்பதாகவே இருந்தது. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த பின்னரும், செய்தியின் கடைசி நிலையம் அந்தக் கடை வாங்குதான் என்றே நான் கருதுகிறேன்.

சரி, மாளிகையின் வரலாற்றுக்கு வருவோம். அதன் வம்சாவளியில் மிக மூத்தது 1834இல் தொடங்கிய ஒப்சேவர். அந்தப் பத்திரிகைக்கும் எங்கள் மாத்தளைக்கும் உறவு பழையது. 1848இல் ஆளுநர் டொரிங்டன் விதித்த வரிகளுக்கு எதிராக மாத்தளையில் கிளர்ச்சி எழுந்தபோது, அவ்வரிகளைக் கண்டித்து எழுதியவர் அன்றைய ஒப்சேவர் ஆசிரியர் டாக்டர் கிறிஸ்டோபர் எலியட். கிளர்ச்சியைத் தூண்டியதாக ஆட்சியாளர் அவர்மீது பழி சுமத்தினர். பின்னர் அதே பத்திரிகை பெர்குசன் குடும்பத்தின் கைக்கு வந்தது. கோப்பித் துரைமாரின் குரலாயிற்று. அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற பெர்குசன் வழிகாட்டி நூலில் தோட்டத்தின் பெயர் உண்டு, ஏக்கர் கணக்கு உண்டு, துரையின் பெயர் உண்டு. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டில் நடந்து மாத்தளைக்கு வந்து, அந்த ஏக்கர்களை உண்டாக்கியவர்களின் பெயர் அதில் இல்லை.

டி. ஆர். விஜயவர்தன இந்த வரலாற்றில் நுழைவது 1914இல், தினமின என்ற சிங்களத் தினசரியை வாங்கியபோது. 1918 ஜனவரியில் டெயிலி நியூஸ் பத்திரிகையைத் தொடங்கினார். 1923இல் ஒப்சேவரை வாங்கினார். 1932 மார்ச் 15இல் தமிழுக்குத் தினகரன் வந்தது. கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய அந்த மனிதர், வெள்ளைக்காரர் கையிலிருந்த பத்திரிகைத் தொழிலில் சுதேசிகளாலும் ஒரு பெரும் நிறுவனத்தைக் கட்ட முடியும் என்று செய்து காட்டினார். அது சிறிய சாதனையன்று. தினகரனின் பங்கையும் குறைத்துச் சொல்ல முடியாது. 1959 தொடக்கம் சில ஆண்டுகள் க. கைலாசபதி ஆசிரியராக இருந்தபோது ஈழத்து எழுத்தாளர்களுக்கு அப்பத்திரிகை விரித்துக் கொடுத்த களத்தை இலக்கிய வரலாறு மறக்காது. அவருக்குப் பின் ஆசிரியரான இ. சிவகுருநாதன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்பை வகித்தார். இவையெல்லாம் அந்த மாளிகையின் பெருமைகள், மறுப்பதற்கில்லை.

ஆனால் பெருமைகளை மட்டும் எழுதுவது வரலாறு ஆகாது. லேக் ஹவுஸ் வெறும் பத்திரிகை நிறுவனமாக இருந்ததில்லை. சுதந்திரத்தின்போது ஆட்சிக்கு வந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு அது பிரதான பக்கபலமாக இருந்தது. ஜே. ஆர். ஜயவர்தன விஜயவர்தனவின் சகோதரி மகன். ரணில் விக்கிரமசிங்க அவருடைய மகள் வயிற்றுப் பேரன். ரணிலின் தந்தை எஸ்மண்ட் விக்கிரமசிங்க மாமனாரின் நிறுவனத்தை நிர்வகித்தவர். அந்தக் கட்சியின் ஆட்சியே 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. 1947இல் வாக்களித்த மலையகத் தமிழர்களில் பெரும்பான்மையோர் 1952 தேர்தலில் வாக்காளர் இடாப்பில் இல்லை. எல்கடுவத் தோட்டங்களின் லயங்களில் இருந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். பத்திரிகைச் சுதந்திரத்தின் ஆலயம் என்று அந்த மாளிகையை வர்ணிப்போர், ஆலயத்தின் வெளி வீதியில் நிறுத்தப்பட்டவர்களையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டாமா?

இனி 1964. அந்த ஆண்டின் இரண்டு தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் 30ஆம் தேதி ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியது. நாடற்றவர்கள் என்று கணக்கிடப்பட்டோர் ஏறத்தாழ 9,75,000 பேர். இவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பது என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்தன. சம்பந்தப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

டிசம்பர் 3ஆம் தேதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் பாராளுமன்றத்தில் தோற்றது. சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பில் 74க்கு 73 என்ற ஒரேயொரு வாக்கால் தோற்றது. தோல்விக்குக் காரணம் 5,25,000 மனிதர்கள் அல்லர்; லேக் ஹவுஸ். அந்த நிறுவனத்தை அரசுடைமையாக்கும் சட்டமூலத்தை எதிர்த்து சி. பி. டி சில்வாவும் அவரோடு பதின்மூவரும் அரசாங்கத் தரப்பிலிருந்து எதிர்த்தரப்புக்குச் சென்றார்கள். 1965 தேர்தலில் ஆட்சி மாறியது.

ஐந்து வார இடைவெளியில் நிகழ்ந்தவை இவை. ஒரு மாளிகையின் உரிமை மாற்றம் ஓர் அரசாங்கத்தையே கவிழ்க்கப் போதுமானதாக இருந்தது. ஐந்தேகால் இலட்சம் பேரின் இடமாற்றத்துக்கு அந்தச் சக்தி இல்லை. பத்திரிகைச் சுதந்திரத்துக்காக எதிர்த்தரப்புக்கு நடந்தவர்களின் மனச்சாட்சியை நான் சந்தேகிக்கவில்லை. அந்தச் சட்டமூலம் எதிர்க்கப்பட வேண்டியதே என்பதில் எனக்கு ஐயமும் இல்லை. ஆனால் லேக் ஹவுஸின் வரலாற்றை எழுதுகிறவர்கள் டிசம்பர் 3ஐ வீர வரலாறாக எழுதிவிட்டு அக்டோபர் 30ஐ மறந்துவிடுவதை நான் எதிர்க்கிறேன். தலைமன்னார் ரயிலில் ஏறியவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இவை இரண்டும் ஒரே அத்தியாயம்.

1970இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த அம்மையாரின் அரசாங்கம் விட்டதைத் தொடர்ந்தது. 1973ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் 75 சதவீதப் பங்குகளை அரசின் சார்பில் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தது. ஒரு குடும்பத்தின் ஏகபோகத்தை உடைத்து, பங்குகளைப் பரவலாக மக்களிடம் சேர்ப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. அதாவது அரசு அதை நிரந்தரமாக வைத்துக்கொள்வதற்காக எடுக்கவில்லை. பிரித்துக் கொடுப்பதற்காகவே எடுத்தது. 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்ற சொல்லின் பொருளும் அதுதானே. மறு ஆண்டிலேயே தவச நிறுவனத்துக்கு அவசரகாலச் சட்டத்தின் கீழ் முத்திரை வைக்கப்பட்டது. தினபதியும் சிந்தாமணியும் 1977 வரை வெளிவர முடியவில்லை. பத்திரிகையை மக்களுக்குப் பிரித்துக் கொடுக்க வந்தவர்களின் மனப்பாங்கு அதிலேயே வெளிப்பட்டுவிட்டது.

இங்கே எல்கடுவவின் கதை மீண்டும் வந்து சேர்கிறது. லேக் ஹவுஸ் எடுக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளில், 1975இல், கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. காரணம் அதேதான்: மக்களுக்கு. இந்தச் சொல்லின்படி ஏரிக்கரை மாளிகை வாசகனுக்கும் மலைச்சரிவுகள் உழைப்பவனுக்கும் சேர்ந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? துரையின் நாற்காலியில் அரசு அதிகாரி அமர்ந்தார். ஆசிரியரின் நாற்காலி அமைச்சரின் விருப்பத்துக்கு ஏற்ப ஆள் மாறியது. கொழுந்து பறிப்பவருக்குப் பிரட்டு மாறவில்லை, லயமும் மாறவில்லை. 1992இல் பிராந்தியத் தோட்டக் கம்பனிகள் உருவாக்கப்பட்டபோது அவற்றுள் ஒன்றுக்கு எல்கடுவவின் பெயரே சூட்டப்பட்டது. பெயர்ப்பலகையில் ஊர் வந்தது. ஊராருக்குக் காணி வரவில்லை. லேக் ஹவுஸில் நடந்ததும் இதுவே. மக்கள் என்ற சொல் கையகப்படுத்தும் பத்திரத்தில் மட்டும் இருந்தது. பங்குப் பத்திரத்தில் இல்லை.

1977இல் ஆட்சிக்கு வந்தவர் விஜயவர்தனவின் மருமகன். கையகப்படுத்தலைக் கடுமையாக எதிர்த்த கட்சியின் தலைவர். அவர் அந்தப் பங்குகளை மக்களிடம் கொடுத்தாரா? இல்லை. 1994இல் ஊடக சுதந்திரத்தை வாக்குறுதியாகக் கொண்டு வந்தவர்கள் கொடுத்தார்களா? இல்லை. 2005இல் வந்தவர்கள்? 2015இல் நல்லாட்சி என்று வந்தவர்கள்? 2022இல் ஜனாதிபதியான, நிறுவனரின் சொந்தப் பேரர்? 2024இல் எல்லாவற்றையும் மாற்றுவோம் என்று வந்தவர்களின் ஆட்சியிலும் லேக் ஹவுஸ் அரசின் கையிலேயே இருக்கிறது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது அந்த மாளிகை ஒவ்வொருவருக்கும் சிறைச்சாலையாகத் தெரிகிறது. ஆட்சிக்கு வந்ததும் அதுவே வசதியான விருந்தினர் விடுதியாகிவிடுகிறது. ஐம்பது ஆண்டுகளாக மாறாத கொள்கை ஒன்று இந்த நாட்டில் உண்டென்றால் அது இதுதான்.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் இரண்டு. முதலாவது, அரசு கையை விட்டால் யாராவது ஒரு பெரும் பணக்காரர் வாங்கிவிடுவார் என்பது. உண்மையான அச்சம்தான். ஆனால் தனியார் ஒருவருக்கு விற்பதும் அரசே வைத்திருப்பதும் மட்டும்தான் வழிகள் என்று யார் சொன்னது? 1973இன் சட்டமே பரவலான உடைமையைப் பற்றிப் பேசியது. உலகில் வேறு முன்மாதிரிகளும் உண்டு. மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகையை எந்த முதலாளியும் விழுங்கிவிடாதபடி 1936இல் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். செய்தி நிறுவனமான ராய்ட்டர்ஸ் 1941இல், போரின் நடுவில், தன் சுயாதீனத்தைக் காக்க ஓர் அறக்கட்டளை ஒப்பந்தத்தை வகுத்துக்கொண்டது. குண்டுகள் விழும்போது லண்டனில் செய்ய முடிந்ததைச் சமாதான காலத்திலும் கொழும்பில் செய்ய முடியாதா? பணியாளர்கள், வாசகர்கள், பல்கலைக்கழகங்கள், பத்திரிகையாளர் சங்கங்கள் ஆகியோரைக் கொண்ட ஒரு பொறுப்பாட்சியை அமைக்கச் சட்டம் தெரிந்த பத்துப் பேர் போதும். இல்லாதது விருப்பம் மட்டுமே.

இரண்டாவது நியாயம் தமிழர்களாகிய நம்மை நோக்கிச் சொல்லப்படுவது. அரசு விலகினால் தினகரன் என்னவாகும்? இலாபக் கணக்கு மட்டும் பார்ப்பவர் முதலில் மூடுவது தமிழ்ப் பத்திரிகையைத்தானே? இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பத்திரிகையாளர்களின் அடுப்பு எரிவதும் அதில் தங்கியிருக்கிறது. ஆகவேதான் விற்பனை என்று நான் கேட்கவில்லை. பொறுப்பாட்சி என்று கேட்கிறேன். மூன்று மொழிகளிலும் தினசரி வெளிவர வேண்டும் என்பதை அந்தப் பொறுப்பாட்சியின் மாற்ற முடியாத நிபந்தனையாக எழுதலாம். அதே வேளையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அரசின் நிழலில் பிழைக்கும் தமிழ்ப் பத்திரிகை, தமிழர் அதிகம் அறிய வேண்டிய நாள்களில் எவ்வளவு குறைவாகச் சொல்ல முடிந்தது என்பதை 1983 ஜூலையும் 2009 மேயும் கண்ட வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது அங்கு வேலை செய்தவர்களின் குற்றமன்று. உரிமையாளர் யார் என்பதன் விளைவு.

கட்டடம் மட்டும் பிழைத்தால் போதுமா என்று கேட்பவர்கள் வேறு ஊர்களையும் பார்க்கலாம். லண்டன் ஃப்ளீட் வீதியில் 1932இல் கட்டப்பட்ட டெயிலி எக்ஸ்பிரஸ் கட்டடம் கறுப்புக் கண்ணாடி மின்ன இன்றும் நிற்கிறது. சட்டம் அதைப் பாதுகாக்கிறது. அதற்குள் பத்திரிகை இல்லை. சென்னையில் ராம்நாத் கோயங்கா இந்தியன் எக்ஸ்பிரசுக்காக வாங்கிய வளாகம் அதற்கு முன் 1832இல் தோன்றிய மெட்ராஸ் கிளப்பின் இருப்பிடம். அந்தப் பழைய மாளிகை இடிக்கப்பட்டது. அவ்வளாகத்தில் 2010இல் ஒரு பேரங்காடி திறக்கப்பட்டது. எக்ஸ்பிரஸ் என்ற பெயர் மட்டும் அங்காடியின் பெயரில் எஞ்சியது. முகப்பு தங்கினாலும் தங்காவிட்டாலும் பத்திரிகை வெளியேறிவிட முடியும் என்பதற்கு இவை சான்று.

யாழ்ப்பாணத்தில் நடந்தது வேறு. 1959இல் தொடங்கி 1961 முதல் தினசரியாக வெளிவந்த ஈழநாடு, தமிழர் தாயகத்தின் சொந்தத் தினசரி. 1981 ஜூன் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த அதே வன்செயலில், அதன் அலுவலகமும் கொளுத்தப்பட்டது. நூலகத்தை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. பத்திரிகைக் கந்தோரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 2006 மே 2ஆம் தேதி உதயன் அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் பணியாளர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2013 ஏப்ரலில் அதே பத்திரிகையின் அச்சு இயந்திரம் எரிக்கப்பட்டது. எந்தக் கட்டடக்கலை நூலிலும் இடம்பெறாத, அலங்காரம் எதுவுமற்ற கட்டடங்கள் அவை. ஆனால் ஒரு பத்திரிகைக் கட்டடத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கொளுத்தியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அவர்கள் குறி வைத்தது சுவரையல்ல. எழுதுபவனையும், அச்சு இயந்திரத்தையும், எழுதிச் சேர்த்த கோப்புகளையும்.

கோப்புகள் என்ற சொல்லை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். மரபுரிமை என்று ஒன்று லேக் ஹவுஸுக்குள் இருக்குமானால் அது ஆண்டு வாரியாகக் கட்டி வைக்கப்பட்ட பழைய பத்திரிகைத் தொகுதிகளில் இருக்கிறது. 1932 முதல் தினகரன் நாள்தோறும் எழுதி வந்தது தமிழில் உள்ள ஒரு பெரும் நாட்குறிப்பு. 1948இன் விவாதங்கள், 1964 ஒப்பந்தத்தின் மறுநாள் தலைப்பு, எந்தத் தோட்டத்தில் எப்போது வேலைநிறுத்தம், எந்த மலையில் எப்போது மண்சரிவு, தலைமன்னார் துறையில் கப்பலேறியவர்களைப் பற்றிய சிறு செய்தி: இவற்றைத் தேட வேண்டிய முதல் இடம் அதுவே. அரசாங்க ஆவணங்கள் எங்களை எண்ணிக்கையாக எழுதின. பத்திரிகை, குறைபாடுகளோடு என்றாலும், சில நாள்களிலாவது பெயரோடும் ஊரோடும் எழுதியது. தமிழ்நாட்டில் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கும் எங்கள் உறவினர்களின் பிள்ளைகள் தங்கள் பாட்டனார் எந்தச் சூழலில் எந்த ஆண்டு கப்பலேறினார் என்று தேடினால், அவர்களுக்கு மாளிகையின் முகப்பு உதவாது; அந்தத் தொகுதிகள் உதவும்.

பழைய கோப்புகள் எப்படி மறைகின்றன என்பதையும் கண்டிருக்கிறேன். நான் ஒரு காலத்தில் பணியாற்றிய ஒரு பத்திரிகை நிறுவனத்தில், பெயர் இங்கே வேண்டாம், இட நெருக்கடி என்று சொல்லிப் பல ஆண்டுகளின் தொகுதிகளை நிறைக்கு நிறுத்து விற்றார்கள். வாங்கியவர் லொறியில் ஏற்றிச் சென்றார். அந்த வாரம் கடைகளில் வடை சுற்றித் தந்த தாள்களில் பல பத்தாண்டுகளுக்கு முந்திய தலையங்கங்கள் இருந்தன. தீ வைத்தால்தான் காகிதம் அழியும் என்றில்லை. கறையானும் ஈரமும் கவனமின்மையும் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும்.

ஆகவே மரபுரிமை ஆர்வலர்களிடம் என் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, தினகரன், தினமின, டெயிலி நியூஸ், ஒப்சேவர் ஆகியவற்றின் முழுத் தொகுதிகளும் மின்படிகளாக்கப்பட்டு உலகில் எங்கிருந்தும் எவரும் கட்டணமின்றி வாசிக்கக் கிடைக்க வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் தொண்டர்களின் உழைப்பில் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டி இணையத்தில் வைத்துக் காட்டியிருக்கிறது. தனி மனிதர்களால் முடிந்தது ஓர் அரசால் முடியாது என்றால் யாரும் நம்பப்போவதில்லை. இரண்டாவது, மாளிகைக்கு ஒரு நினைவுப் பலகை வைப்பதானால் அதில் 1918ஐயும் 1932ஐயும் மட்டுமன்றி 1948ஐயும் 1964இன் இரண்டு தேதிகளையும் 1973இன் வாக்குறுதியையும் மூன்று மொழிகளிலும் பொறிக்க வேண்டும். மூன்றாவது, முதன்மையானதும்கூட: பொது நம்பிக்கைப் பொறுப்பாளரின் பெயரில் கிடக்கும் பங்குகளை, எந்த அமைச்சரும் தொலைபேசியில் கட்டளையிட முடியாத ஒரு பொறுப்பாட்சியிடம் ஒப்படைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற வேண்டும்.

இவை நிறைவேறாத நிலையில் அந்த முகப்பைப் படம் பிடித்து வியப்பவர்கள் வியக்கட்டும். ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். எல்கடுவவின் லயங்களும் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள்தாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களும் தகரக் கூரையும் கொண்ட அவற்றை மரபுரிமை என்று யாரும் அழைப்பதில்லை, ஏனெனில் அவற்றில் இன்னும் மனிதர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பழைய சுவரின் மீது புதிய வெள்ளையன்று. தாங்கள் வாழும் இடத்தின் மீது உரிமை. பத்திரிகை வாசகனுக்கும் அதுவே வேண்டும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. 1948இல் செய்த தவறைத் திருத்த இந்த நாட்டுக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. 1973இன் வாக்குறுதிக்கும் அந்தக் கெடு ஏறத்தாழ வந்துவிட்டது.